திருப்பிப் போட்ட படம்

கதாநாயகன் ஃபூஃபூக் களியை மென்று தின்றான். குமாசி நகரத் திரையரங்கமே கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊரில் நேற்றுப் பல் முளைத்த குழந்தைகூட ஃபூஃபூவை விழுங்கத்தான் செய்யும். இவன் கரும்பு கடிப்பது போலக் கடிக்கிறான். காலியான கிண்ணம் அடுத்த ஷாட்டில் தானாக நிரம்பியது. பிறகு ஒரு தாய், "திங்கக்கெழம பொறந்த என் புள்ள குவாக்கு" என்று அழுதாள். பிறந்த கிழமையை வைத்துத்தான் எங்களுக்குப் பெயர்; புதன்கிழமை பிறந்தவன்தானய்யா குவாக்கு! மின்கம்பமே வராத காலத்துக் கதையில், சவ ஊர்வலத்துக்குப் பின்னால் செல்போன் கோபுரம் வேறு.

நாவலை எழுதியவள் நான். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தவளும் நான்தான். இயக்குநர் ஒஃபொசுஹெனே லண்டனில் சினிமா படித்தவன். "நாவலை முழுசா படிச்சியாப்பா?" என்று முன்பு கேட்டதற்கு, "உணர்ந்தேன் மேடம்" என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. என் அப்பாவின் சாவில், பெரியப்பா போஹென் சாராயக் கோப்பையை என் அம்மாவுக்கு இடது கையால் நீட்டினார். அப்பன் ஊருக்கு வழியைக்கூட இடது கையால் காட்டாத ஜனங்கள் நாங்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இடது கையால் நீட்டினால், நாயே வெளியே போ என்று சொன்னதாக அர்த்தம். அம்மா வெளியே போனாள். சாவு வீட்டுக் கூட்டத்தில் அதைக் கவனித்த ஒரே சாட்சி நான், அன்று சின்னப் பிள்ளை. என் பேச்சு எடுபடவில்லை. "வலது கையாலதான் குடுத்தேன், அவ பொய்க்காரி" என்றே பெரியப்பா இத்தனை வருஷம் சாதித்தார். ஊரும் நம்பியது. சபையில் அவர் ஒரு ஆட்டைக் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அம்மா எதையும் கேட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் நாவலையே எழுதினேன். இன்று முன்வரிசையில் பெரியப்பாவும் அவர்கள் குலத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தன் நல்ல துணியைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

காட்சி வந்தது. கோப்பை நீண்டது, வலது கையில்.

உற்றுப் பார்த்தேன். சாவுக்கு வந்த ஆண்கள் அத்தனை பேரும் துணியை வலது தோளில் போட்டு, இடது தோளைத் திறந்து விட்டிருந்தார்கள். துணி இடது தோளில், வலது தோள் திறந்து, அதுதான் எங்கள் முறை; உலகத்தில் எங்கள் அசாந்தி இனத்து ஆண் எவனும் இப்படிக் கட்டமாட்டான்.

"என்னப்பா இது?" என்றேன், மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஒஃபொசுஹெனேயிடம்.

"ரெண்டு நாள் எடுத்தோம் மேடம். மொத நாள் அம்மா வேஷம் போட்ட நடிகை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் நின்னுட்டாங்க. கன்டினியூட்டி ஒதைக்குதுன்னு எடிட்டர் அந்தக் காட்சிய மட்டும் பக்கம் மாத்தித் திருப்பிப் போட்டுட்டாரு. யாரு கவனிக்கப் போறா?"

"கை மாறிப் போச்சேடா!"

"எந்தக் கை?" என்றான். அந்த முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது.

விளக்கு எரிந்ததும் பெரியப்பா எழுந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"பெரியவங்களே, பாத்தீங்கல்ல? அவ மக எழுதுன கதை, அவ மக படம். கை வலதுதான். இதுல என்ன இருக்கோ அதான் நடந்துச்சு. அப்படியே ஒத்துக்குறேன்."

"அப்படியே ஒத்துக்குறியா?" என்றார் குலத்தில் மூத்தவரான அட்டாகோரா.

"அப்படியே!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் வாயால் சொன்ன பொய்யைப் போல அந்தப் படம் என்னைச் சுட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "கையெல்லாம் சரி பெரியவரே, உங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத் துணி கட்டிவிட்டது யாரு? பொண்டாட்டிங்களா?"

"கண்ணாடியப் பாத்துக் கட்டிருப்பாங்க!" என்றான் இன்னொருவன்.

"பாவம், குலத்துக்கே தோள் தெரியல!"

அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பெண்டாட்டியை ஏசினால்கூடப் பொறுப்பார். குலத்தைச் சொன்னால் மனுஷனுக்கு மண்டை வேலை செய்யாது.

"வாய மூடுங்கடா! எங்க வீட்டுல கைக்கொழந்தைக்குக் கூடத் தெரியும் எந்தத் தோளுன்னு. படம் திரும்பிக் கெடக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா? எல்லாம் இடம் வலமா..."

நிறுத்திவிட்டார்.

அம்மா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தோளு திரும்பிருந்தா, பெரியவரே, கை?"

குலத்தை விட்டுக்கொடுத்தால் கை தப்பும், கையை விட்டுக்கொடுத்தால் குலம் தப்பும். பெரியப்பா உட்கார்ந்தார்.

"போஹென், ஆட்டப் புடிச்சிட்டு வா" என்றார் அட்டாகோரா.

அரங்கம் கைதட்டியது. ஒஃபொசுஹெனே எழுந்து நின்று நாலாபக்கமும் குனிந்து வணங்கினான். அவனைப் பார்க்கக்கூட அம்மாவுக்கு நேரமில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்து, "நான் பொய் சொல்லலடி" என்று அழுதுகொண்டிருந்தாள்.