அக்காள் பேரில் ஒரு கார்டு

கன்னியம்மா முப்பது வருடம் வீட்டில் கன்னியம்மாவாகவும் கம்பெனி ஆஸ்பத்திரியில் பச்சையம்மாவாகவும் வாழ்ந்தாள். பச்சையம்மா அவளுடைய அக்காள். செத்துப்போன அக்காள்.

கேட்டால் ஏதோ திட்டம் போட்டுச் செய்த திருட்டு மாதிரி இருக்கும். திட்டம் போடுகிற அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் சாமர்த்தியம் கிடையாது. மனோகரன் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். பச்சையம்மாவைக் கட்டிய புதிதில் மெடிக்கல் கார்டில் மனைவி என்ற இடத்தில் அவள் பெயரை ஏற்றினான். மறு வருடமே எர்ணாவூரில் தாய் வீட்டில் தலைப்பிரசவத்தின்போது தாயும் போனாள், பிள்ளையும் போனது. மூன்றாம் மாதம் பெரியவர்கள் கூடிப் பேசி, வெளியிலிருந்து ஒருத்தி எதற்கு என்று தங்கையையே கட்டி வைத்தார்கள். பதினெட்டு வயசுப் பெண்ணின் சம்மதத்தை எவன் கேட்டான்?

கம்பெனிக்கு ஒரு லெட்டர் கொடுத்துப் பெயரை மாற்றியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று மனோகரன் தள்ளிப்போட்டான். அதற்குள் கன்னியம்மாவுக்கு டைபாய்டு வந்தது. அவசரத்துக்கு இருக்கிற கார்டை எடுத்துக்கொண்டு ஓடினான். கம்பவுண்டர் "பச்சையம்மா!" என்று கூப்பிட்டார். மனோகரன் முழங்கையால் இடித்தான். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு யாரும் இடிக்க வேண்டியிருக்கவில்லை, அந்தப் பெயருக்குத் தானாகவே எழுந்து போகப் பழகிவிட்டாள். மகன் அறிவு பிறந்ததும் அந்தக் கார்டில்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில்கூடத் தாயார் பெயர் பச்சையம்மா.

வீட்டில் அக்காள் சுவரில் இருந்தாள். சுமங்கலியாகப் போனவள் பூவாடைக்காரி, அந்த வீட்டின் தெய்வம். படத்துக்குக் கீழே பெயரும் செத்த தேதியும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். வருடா வருடம் ஆடி மாதம் புதுப் புடவை வைத்து, பூ சாத்தி, வடை பாயசத்தோடு படைப்பார்கள். படைத்த புடவையைக் கன்னியம்மா கட்டிக்கொள்வாள். வருடத்துக்கு ஒரு புதுப் புடவை அவளுக்குக் கிடைத்ததும் அக்காள் வழியாகத்தான்.

2003-இல் மனோகரன் ரிடையர் ஆனான். ரிடையர் ஆனவர்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி கிடையாது. அதற்குப் பதிலாக யூனியன் போராடி ஒரு இன்சூரன்ஸ் வாங்கித் தந்திருந்தது. வயசானவனுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே பாலிசி. யூனியன் செயலாளர் டில்லிபாபு வீடு வீடாக இன்சூரன்ஸ் பாரத்தோடு வந்தான்.

"அண்ணாத்த, இதுல உள்ளத உள்ளபடி எய்தணும். பேரு, வயசு, இதுக்கு முன்ன வந்த சீக்கு, எல்லாத்தையும். ரேஷன் கார்டுல இன்னா பேரோ அதான் இதுலயும் இருக்கணும். நாளைக்கி ஆஸ்பத்திரில படுத்துகினு கெடக்கும்போது அவன் இத்ததான் மொதல்ல எடுத்துப் பாப்பான்."

கன்னியம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எம் பேர எய்துயா," என்றாள்.

மனோகரன் முறைத்தான். டில்லிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான்.

"இவ்ளோதானா அண்ணி? அக்கா செத்த சர்டிபிகேட்டு, உங்க கல்யாணத்துக்கு ஒரு அத்தாட்சி, ஒரு லெட்டரு. நானே கூட வரேன் ஆபீசுக்கு. தூக்குலயா போட்ருவான்?"

"முப்பது வருசமா செத்தவ பேர்ல மருந்து வாங்கினியான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றான் மனோகரன். "என் செட்டில்மெண்டு பணமே இன்னும் வர்ல. அத்த நிறுத்திட்டான்னா நீயா குடுப்ப?"

"ஒரு மாசம் டைம் கீது. யோசிச்சி சொல்லு."

மனோகரன் எங்கே யோசித்தான்? பயந்தான். அன்று சாயங்காலமே பச்சையம்மா, வயது ஐம்பத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் நாற்பத்தெட்டு வயதுக் கன்னியம்மாவின் போட்டோவை ஒட்டிவிட்டான். செத்தவள் பெயரும் இருப்பவள் முகமும் ஒரே காகிதத்தில்.

கன்னியம்மா இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். ஒரு சண்டை போட்டிருக்கலாம். பெயரில் என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அவன் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள். அதை நினைத்துப் பிற்பாடு அவள் தன் மேலேயே பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

செட்டில்மெண்ட் வந்தது. வீட்டுக்கு மாடி எடுத்ததில் கரைந்தும் போனது.

மூன்று வருடம் கழித்து, தண்ணீர் லாரியிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு மேலே ஏறியது, கீழே இறங்கவில்லை. ராயபுரத்தில், இன்சூரன்ஸ்காரன் லிஸ்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அறிவு அழைத்துப் போனான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

"கார்டு கீது சார்," என்றான் மனோகரன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான்.

இன்சூரன்ஸ் கவுண்டரில் ஹில்டா என்ற பெண் இருந்தாள். இன்சூரன்ஸ் கார்டையும் ஓட்டுக் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இதுல பச்சையம்மா. அதுல கன்னியம்மா. வயசும் ஆறு வருஷம் இடிக்குதே?"

"ரெண்டும் ஒன்னுதாம்மா," என்று மனோகரன் முந்திக்கொண்டான். "வூட்ல ஒரு பேரு, வெளில ஒரு பேரு."

ஹில்டா இப்படி எத்தனையோ பார்த்தவள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னாள். பிறகு கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உண்மையா இருந்தா மட்டும் குடுங்கம்மா. வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வருவாங்க."

நோட்டரி ஆபீசில் டைப் அடித்தவன் வாசித்துக் காட்டினான். பச்சையம்மா என்பதும் கன்னியம்மா என்பதும் என் ஒருத்தியையே குறிக்கும் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். கன்னியம்மா மை தடவிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தலை வாரிவிட்ட அக்காள், கடலோரத்தில் கைபிடித்துக் கூட்டிப்போன அக்காள், அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்றல்லவா எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்? ஆனால் உயிர் மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை. விரலை வைத்தாள்.

விசாரணைக்கு ஆள் வருகிற அன்று காலையில் மனோகரன் சுவரிலிருந்து படத்தை இறக்கினான். காய்ந்த பூவை உதறிவிட்டு, படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கன்னியம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் கை நீட்டினாள்.

"வேணாயா. பூவாடைக்காரிய கீய போடாத."

"உன் உசுருக்குத்தான்டி போடறேன். அவ பொறுத்துப்பா."

வந்தவர் கிருஷ்ணப்பன். தன்மையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையில் இருந்த பைலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க பேரும்மா?"

"பச்சையம்மா," என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. எத்தனை வருடப் பழக்கம்.

பிறந்த ஊர் கேட்டார், பிள்ளை எத்தனை என்று கேட்டார், எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது அவர் பார்வை சுவருக்குப் போனது. புகை படியாத ஒரு சதுரம். மேலே ஆணி, ஆணியில் ஒரு துண்டு நார், ஓரத்தில் சந்தனக் கறை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், நன்றி சொன்னார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீட்டில் ஜஹானாரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவின் ஆபரேஷனுக்காக விசாரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தோழிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல இதைவிட எப்போது சமயம் கிடைக்கும்?

"கன்னிம்மாக்காவா? தங்கம் சார் அது. மூத்த சம்சாரம் செத்து எத்தினி வருசமாச்சி, இன்னும் மறக்கல சார். பச்சையம்மா, பச்சையம்மான்னு வருசா வருசம் பொடவ வெச்சிப் படைக்கும். இந்தக் காலத்துல எந்தப் பொம்பள சார் செய்வா? எங்களுக்குக்கூட பாயசம் தனியா எடுத்து வெச்சிக் குடுக்கும்."

பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் காதில் விழுந்தது. போதும்டி, நிறுத்துடி என்று கத்த வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை.

பதினைந்தாம் நாள் லெட்டர் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை டில்லிபாபு படித்துச் சொன்னான். இறந்துபோனவர் பெயரில் சேர்ந்திருக்கிறார்கள், பணம் தர முடியாது, மனைவியின் பெயரைப் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டோம்.

"இப்ப கன்னியம்மான்னு புச்சா சேக்க முடியாதா?" என்று அறிவு கேட்டான்.

"சேக்கலாம் நைனா. ஆனா சீக்கு வந்தப்பொறம் சேந்தா, அந்த சீக்குக்கு நாலு வருசம் எதுவும் கெடையாது. அன்னிக்கே மாத்தியிருந்தா..." என்று இழுத்தவன் மனோகரன் பக்கம் திரும்பினான். அவனுக்கும் வயிற்றெரிச்சல், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உன்கூட ரிடையரான மூணு பேரு கார்டுல பொண்டாட்டி பேர மாத்திகினாங்க அண்ணாத்த. ஒரு லெட்டரு, அவ்ளோதான். ஒருத்தனுக்கும் செட்டில்மெண்டு நிக்கல."

மனோகரன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் படத்தை எடுத்தான். கண்ணாடி விரிந்திருந்தது. வேட்டி முனையால் தூசியைத் துடைத்து ஆணியில் மாட்டினான்.

லெட்டர் ஏன் வந்தது என்று ஜஹானாராவிடம் கன்னியம்மா கடைசிவரை சொல்லவில்லை.

மறு வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி, அங்கே கார்டும் வேண்டாம் பாரமும் வேண்டாம். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றார்கள். நிற்க முடியாமல் கன்னியம்மா தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். பதினொரு மணிக்குச் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பேஷண்ட் பேரு?" என்றான் உள்ளே இருந்தவன்.

"பச்சையம்மா," என்றான் மனோகரன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கன்னியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தாள். இத்தனை வருடக் கோபத்தையும் திட்டித் தீர்க்க அவளிடம் மூச்சு இல்லை. அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"கன்னியம்மா," என்றாள். "கன்னியம்மான்னு எய்துங்க சார். அம்பத்தொண்ணு வயசு."

இரண்டு மணிக்கு டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். வால்வு ஆபரேஷனுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு நோட்டைப் புரட்டி, சீட்டின் ஓரத்தில் ஒரு தேதியை எழுதித் தந்தார். வெளியே வந்து மனோகரன் அதைப் படித்தான். அடுத்த வருடம் சித்திரை மாதத்தில் வருகிற தேதி. அதற்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

அவன் வராந்தா தூணில் சாய்ந்து, சீட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மா கீழே உட்கார்ந்து, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"சீட்ட நனைக்காதய்யா. மை அயிஞ்சிடப் போவுது," என்றாள். "படிச்சிப் பாரு. பேரு சரியா கீதா?"