எதிராளிக்கு ஒரு சீட்

நான் டவுனில் ரோடு கூட்டுகிறேன். பிரதேச சபையில் நாள் கூலி. எத்தனையோ வருஷம் கூட்டியும் நாள் கூலிதான். காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. போன வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கென்று பன்னிரண்டு நிரந்தர வேலைகளை ஒதுக்கினார்கள். அதில் எங்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சபையில் முடிவானது. நாள் கூலிக்காரர்கள் நாங்கள் ஒன்பது பேர். அந்த ஒரு வாரம் எங்கள் முட்டிவலியெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்புறம் சபை மேலும் எங்கள் மேலும் துஷாந்த் வழக்குப் போட்டான். ஒதுக்கிய வேலையை யாருக்கும் அறிவிக்காமல், நேர்முகப் பரீட்சை வைக்காமல் கொடுக்கக்கூடாது என்பது வழக்கு. கோர்ட்டு பன்னிரண்டு வேலையையும் நிறுத்தி வைத்தது. கடிதம் வந்தபோது எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அப்போதும் அதையேதான் சொன்னது.

இந்தத் துஷாந்த் வேறு யாருமில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்து வீட்டு ராசம்மாவின் மகன். நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எனக்குப் பசிக்கும்.

எங்கள் லோயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வழக்கு முடியும்வரை எதிராளியோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று. அவனுடைய லோயரும் அவனுக்கு அதையே சொல்லியிருக்கிறார். கோர்ட்டு விஷயம், மீறலாமா? ராசம்மாவும் நானும் கறி மாற்றிக்கொண்டோம். மழையைப் பேசினோம், அட்டைக்கடியைப் பேசினோம், அவள் மருமகளையும் பேசினோம். வழக்கை மட்டும் பேசவில்லை. துஷாந்த் கொழும்பிலிருந்து வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன் பெரியம்மா" என்பான். அதற்குமேல் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம்.

போன தவணைக்கு அவன் கோர்ட்டுக்கு வரவில்லை. இந்தத் தவணையும் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார்.

அன்றைக்கு விடியும்போதே நல்ல மழை. பஸ் வரும் ரோட்டில் மண் சரிந்து, பஸ் இல்லை. நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து மேர்வினின் வேனைப் பேசி வைத்திருந்ததால் தப்பித்தோம். தோட்டத்து முடக்கில் திரும்பினால், துஷாந்த் குடையோடு நிற்கிறான். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைல்.

எங்களோடு சாக்கடைக் கான் வெட்டுகிற யோகேஸ்வரன் முன் சீட்டைத் தட்டினான்.

"நிறுத்தாத மேர்வின்! பஸ்ஸும் இல்ல, அவனால வர ஏலாது. கேஸு தள்ளுபடி. நாங்க எல்லாம் பர்மனன்ட்!"

அவன் சொன்னது உண்மை. பிரேக்கில் காலை வைத்தபடி மேர்வின் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். எங்களில் மூத்தவள் நான்.

"நிறுத்துப்பா" என்றேன். "சாயந்தரம் பீலியில தண்ணி புடிக்கிறப்ப ராசம்மா மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

"பர்மனன்ட்டாப் பாக்கலாம்க்கா!" என்று கத்தினான் யோகேஸ்வரன்.

வேன் நின்றது. துஷாந்த் ஏறிக் கதவோரத்து மடக்கு சீட்டில் உட்கார்ந்தான். "தேங்ஸ் பெரியம்மா" என்றான். அவன் குடைத் தண்ணீர் யோகேஸ்வரனின் சப்பாத்தில் சொட்டியது. தலவாக்கலை தாண்டும்வரை அது சொட்டுகிற சத்தம்தான்.

மேர்வினுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என் வாய எந்த லோயரும் கட்டல. அதனால கேக்குறேன். தம்பி, இந்த அக்காமாரு வேலையப் புடுங்கி நீ என்ன செய்யப் போற?"

"பெரியம்மா வேலைய நான் எதுக்குண்ணே புடுங்குறேன்?" துஷாந்த் மடக்கு சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான். "ஒதுக்குனது பன்னெண்டு. இவங்க ஒம்பது பேரு. மிச்சம் மூணு யாருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா? நான் கொழும்புல கடையில மூட்டை தூக்குறேன். ஊர்ல இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்குத் தெரியாது. அந்த மூணையும் எல்லாருக்கும் அறிவிச்சு, கூப்பிட்டுப் பேசி எடுங்கன்னுதான் கேட்டேன். எல்லாத்தையும் நிறுத்துனாத்தான் கேஸு நிக்கும்னு லோயரு சொல்லிட்டாரு."

யோகேஸ்வரன் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அட பாவி! இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பேசக்கூடாதுன்னாங்களே அண்ணே!"

"எங்களுக்கும்தான்டா சொன்னாங்க!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரித்து முடிக்கும்போது எனக்கு விலா வலித்தது.

நானுஓயாவில் மேர்வின் பிளேன்டீக்கு நிறுத்தினான். கடையோரத்தில் நின்றுகொண்டே பேசி முடித்தோம். ஒன்பது பேரையும் நிரந்தரமாக்க அவன் தடை சொல்லமாட்டான். மிச்ச மூன்று இடத்துக்கும் அறிவித்து ஆள் எடுக்க வேண்டுமென்று அவனோடு சேர்ந்து நாங்களும் கேட்போம்.

"அங்க போய் மாத்திப் பேசமாட்டியே?" என்று யோகேஸ்வரன் கேட்டான்.

"நீங்க கூட்டாட்டி டவுனு நாறும்ணே. அந்த மூணுல ஒண்ணு எனக்குக் கிடைக்குமான்னே தெரியல. ஆனா கேட்டுட்டுப் போகலாம்ல."

நுவரெலியாவில் நாங்கள் ஒரே வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்து இரண்டு லோயர்களும் கோர்ட்டுப் படியிலேயே நின்றுவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் போனை எடுத்தார்கள். சபையின் லோயரும் எங்கேயோ பேசிவிட்டு வந்து தலையாட்டினார். நீதிபதி சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார். உங்களுக்குச் சம்மதமா என்று என்னிடமும் கேட்டார்கள். நிறையச் சொல்ல நினைத்தேன். ஆனால் "சம்மதம் ஐயா" என்பதோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வளவுதான். கட்டளையாகிவிட்டது. இனிக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் படுக்கலாம்.

வெளியே மழை விட்டிருந்தது. மேர்வின் வேனைத் திருப்புவதற்குள் ரோட்டோரத்தில் இரண்டு கட்டு லீக்ஸ் வாங்கினேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று ராசம்மாவுக்கு. துஷாந்த் யோகேஸ்வரனின் பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணே, நேர்முகத்துல என்னென்ன கேப்பாங்க?"

"எனக்கு எப்படிடா தெரியும்? எங்கள எவன் என்ன கேட்டான்? தொடப்பத்தக் குடுத்தான், கூட்டுனோம்."