நண்பகல் ஊதலுக்கு முன்

ஏலச்சரிவின் வழுக்குத் தடத்தில் கத்தரீனாள் ஓடிக்கொண்டிருந்தாள். இடுப்பிற் கட்டிய கூடை கவிழ்ந்து, காலை முதல் பறித்த பச்சைக் காய்கள் செடித்தூர்களெங்கும் சிதறியதைத் திரும்பி நோக்காமலும், கெண்டைக்காலைக் கவ்விய அட்டைகளை உதற நில்லாமலும், முகில் தலைசாய்த்த நிழல்மரங்களினூடே விரைந்தாள். கிழக்கே, மலை முடிந்து மாநிலம் மாறுமிடத்தில், கம்பத்துச் சமவெளி வெயிலில் பொன்தகடெனக் கிடந்தது; இப்பக்கமோ, அழுது ஓயாத பிள்ளைபோல் மழை சிணுங்கிற்று. நண்பகல் ஊதலுக்கு அரை நாழிகையே இருந்தது. அதற்குள் தோட்ட அலுவலகத்தை அடைந்து, மருமகள் சிஞ்சுவின் கையிலுள்ள தாள் மேசையேறாமல் தடுத்தாக வேண்டும்.

நன்மை நாடிச் சென்ற மருமகளை மாமி ஏன் மறிக்கிறாள் என்பீர்; முதலில் நிலைமையை அறிக. அத்தோட்டத்தின் வரிசை வீடொன்றில் குடியிருக்க வேண்டுமாயின், அவ்வீட்டார் ஒருவர் பெயரேனும் நிலைத்த தொழிலாளர் ஏட்டில் இருத்தல் வேண்டும். பெயர் நீங்கும் மாதமே வீடும் நீங்கும். புதுப்பெயர் பதிவதைத் தோட்டம் நிறுத்திப் பல்லாண்டு ஆயிற்று. மகன் ஏசுரத்தினம் நிழல்மரம் கழிக்கையில் விழுந்து, முதுகெலும்பு முறிந்து, இரண்டாண்டாய்க் கூரையை நோக்கிக் கிடக்கிறான். நாற்பதாண்டாய் அக்குடியைத் தாங்கிய ஒரே பெயர் கத்தரீனாள் என்பது. திருமணம் முடித்தலும் பிணக்குத் தீர்த்தலும் அவள் ஒரு சொல்லில் நடந்த வீடு அது. அப்பெயருக்கு இம்மாதம் ஐம்பத்தெட்டு நிறைகிறது. அதுவே ஓய்வின் எல்லை. வயதில் மறுப்பிருப்பின் இன்று நண்பகலுக்குள் சான்றோடு சொல்லலாம்.

அவள் படியேறியபோது தாள் எழுத்தர் அழகுமலையின் கையில் இருந்தது.

"அந்தக் காலத்துல யாருய்யா சரியான வயசச் சொன்னா? பேரு போடணும்னு எல்லாரும் கூட்டித்தான சொன்னாக. பதினாலு வயசுலயே கூடை கட்டுனேன்னு எங்க அத்தையே ஒரு நாளு சொல்லியிருக்காக. அதான் கோயிலுக்குப் போயி ஞானஸ்நானப் புத்தகத்தப் பாத்து எழுதி வாங்கியாந்தேன்," என்று சிஞ்சு வாதாடிக்கொண்டிருந்தாள்.

அழகுமலை நிமிர்ந்தான். "வாங்கக்கா. கூடையக் காணும்? இன்னைக்கு எடைக்கு அட்டையத்தான் நிறுக்கணும் போல."

"அந்தத் தாளக் குடுத்துருங்க ரைட்டரய்யா. என் வயசு சரியாத்தான் இருக்கு."

"ஏன்த்தே இப்படிப் பண்ணுதீக? வீடு போகுதுத்தே. அவரத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போவேன்? ஒரு வருசம் கெடச்சாக்கூட எந்திரிச்சு உக்கார வச்சிருவேன்."

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தான். "கத்தரீனாள். அறுபத்தேழுல பொறப்பு. நம்ம ஏட்டுலயும் அறுபத்தேழு. ஒரு நாளு கொறையலியே தாயி. உன் ஆசைக்குக் கோயில் புத்தகம் வளையுமா?" என்றவன், தாளின் அடியில் விரலை வைத்தான். "கோயில் உபதேசியாரு கூடப்பொறந்த பேரையும் எழுதி விட்டிருக்காரு. மிக்கேலம்மாள், எழுபத்தொண்ணுல பொறப்பு, எம்பத்தஞ்சுல அடக்கம். உங்க தங்கச்சியாக்கா?"

"ஆமா."

"பாவம். அது இருந்து நம்ம ஏட்டுலயும் இருந்திருந்தா, இன்னும் நாலு வருசம் வேலை கெடந்திருக்கும். வீடும் தப்பிச்சிருக்கும்."

கத்தரீனாள் வாய் திறந்தாள்.  மெய்யைச் சொன்னால் யார் நம்புவர்? நம்பினால், நாற்பதாண்டு உழைப்பும் பிறர் பெயரில் செய்த வஞ்சமாகி, மாதம் முடிவதற்குள்ளேயே ஏட்டிலிருந்து அடிபடும். மகனின் திருமுழுக்கிலும் தன் மணவோலையிலும் எழுதிய பெயர் என்னாகும்?

ஊதல் ஒலித்தது. எழுத்தர் ஓய்வுத்தாளை நகர்த்தினான். எழுத்தெழுத்தாய், நாற்பதாண்டு பழகிய அப்பெயரை அவள் வரைந்தாள்.

திரும்பும் வழியில் சிஞ்சு முந்தி நடந்தாள். பிறகு கேட்டாள்: "பதினாலு வயசுன்னு எதுக்குத்தே பொய் சொன்னீக? அத நம்பித்தான நாயா அலைஞ்சேன்."

"வாய் தவறிச் சொல்லிட்டேம்மா. மனசுல வச்சுக்காத."

மழையும் அவர்களோடு நடந்தது. இனியும் மறைத்தல் அழகன்று. தன் வயதைப் பற்றி அவள் வாழ்நாளில் உரைத்த மெய், பொய்யென்று இப்போது பழிக்கப்பட்ட அந்த ஒன்றே.

அந்த எண்பத்தைந்தாம் ஆண்டில் தந்தை இறக்க, வீடு பறிபோகாதிருக்கத் தாய் மூத்த மகளின் பெயரைத் தோட்ட ஏட்டில் பதிவித்தாள். பதிந்த எட்டாம் நாள், கூடை கட்டு முன்னே, காய்ச்சல் அம்மூத்தவளைக் கொண்டுபோயிற்று. பெயர் இறந்தால் வீடும் இறக்கும் என அஞ்சிய தாய், மாண்டவள் இளையவளே எனக் குருவிடம் சொல்லிப் புதைத்து, மறுநாள் விடியலில் பதினான்கு அகவை இளையவளை மூத்தவள் பெயர் சொல்லி வேலைக்கு அனுப்பினாள். அறிந்த அயல்வீட்டார் வாய்மூடினர். மூடியபடியே ஒவ்வொருவராய் மண்ணுக்கும் பிற ஊர்க்கும் போயினர்.

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக்கதவு வந்தது. மகன் விழும்வரை ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் அவள் அவனோடு வந்து, சித்தி என்று அவன் வணங்க, தான் பாசி துடைத்து மெழுகுதிரி ஏற்றிய சிறு கல் வேலியோரம் நனைந்துகொண்டிருந்தது. அதனடியில் உறங்குபவளே கத்தரீனாள். அதன்மேல் வெட்டிய பெயருக்குரியவள், வேலை செய்ய இன்னும் நான்கு ஆண்டு உடையவள், முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, மருமகளின் பின்னே அதைக் கடந்து நடந்தாள்.