நன்சுபுகா பேருக்கு அர்ச்சனை

"நீங்க தினமும் இந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்றீங்க, இல்லையா?" என்று கூட்டத்தை நடத்திய மிஸ்டர் வெயன் மைக்கில் கேட்டபோது வசந்தாமணியின் வாயில் சோள ரொட்டி இருந்தது. இங்கிலீஷில்தான் கேட்டார். நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி சிரித்து வைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. டெக்சாஸுக்கு வந்த புதிதில் எத்தனையோ இடத்தில் அப்படித் தப்பித்திருக்கிறாள். ஆனால் இப்போதுதான் அந்த சர்ச் ஹாலே அவளுக்காகக் கை தட்டி முடித்திருந்தது. அவள் படிக்க வைக்கிற உகாண்டாப் பெண் ஜூலியட் நன்சுபுகா ஏழாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் முதல் டிவிஷன். கணக்கில் டிஸ்டிங்ஷன். எந்தக் கணக்கு வசந்தாமணியை எஸ்.எஸ்.எல்.சி.யில் காலை வாரிவிட்டதோ, அதே கணக்கு. கைதட்டல் கேட்டு எழுந்து நின்றவள் உட்கார மறந்து, பெருமை தாங்காமல் ரொட்டியை மென்றுகொண்டே நின்றிருந்தாள்.

வெயன் கையில் ஒரு தாள் இருந்தது. பெரிய ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளின் ஸ்பான்சர்கள், 'இந்தக் குழந்தைக்காகத் தினமும் கர்த்தரிடம் ஜெபிப்பேன்' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அது இந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற டிரஸ்டில் முதலிலிருந்தே இருக்கிற ரூல். முடியாதவர்கள் பிள்ளையை வேறு ஸ்பான்சரிடம் கொடுத்துவிடலாம், படிப்பு நிற்காது, கவலைப்பட வேண்டாம் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். நன்சுபுகா படிப்பாள். ஆனால் வேறு யாரோ பேரில் படிப்பாள்.

பக்கத்தில் இருந்த கணவர் திருமூர்த்தி புடவையை லேசாக இழுத்தார். "எஸ்ஸுனு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு உக்காரு அம்மிணி. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

இதெல்லாம் டாரத்தியால் வந்தது. ப்ளேனோ ஊரில் இவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ரிடையர்டு டீச்சர். சர்ச்சில் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு, உகாண்டாவில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் படிக்க வைக்க இந்தச் சின்ன டிரஸ்டை நடத்துகிறார். கிரீன் கார்டு வந்து, சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற டேகேரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கின அன்றைக்கே வசந்தாமணி அவர் வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கும் ஒரு பிள்ளை கொடுங்கள் என்று கேட்டாள். வீட்டில் திருமூர்த்தி சிரி சிரியென்று சிரித்தார்.

"பொள்ளாச்சியில இருந்து வந்து, அமெரிக்காக்காரன் சர்ச்சுல குடுத்து, ஆப்பிரிக்காவுல ஃபீஸ் கட்டற ஒரே ஆளு நீதான்."

"கட்டறது எஞ்சம்பளமுங்க. உங்களுக்கு எங்க வலிக்குது?"

போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒட்ட வெட்டின தலை, நீல யூனிபார்ம், 'சீக்கிரம் எடுங்கள், கிளாஸுக்குப் போகணும்' என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வையில்தான் வசந்தாமணி விழுந்தாள். போன வருஷம் அவள் பொதுப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று தெரிந்ததும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அர்ச்சனை பண்ணாமல் எப்படி இருப்பது என்று வசந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை டேகேர் முடிந்ததும் இர்விங்கில் இருக்கிற கோயிலுக்கு முருகனைப் பார்க்கப் போனாள். ஃப்ரீவேயில் வண்டி ஓட்ட அவளுக்குப் பயம். உள்ரோட்டிலேயே, சிக்னல் சிக்னலாக நின்று, மழையிலும் வெயிலிலும் ஒவ்வொரு செவ்வாயும் போனாள்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"நன்சுபுகாங்க சாமி."

குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தரம் சொல்லுங்கோ?"

சொன்னாள். "கோத்திரம்?"

"சிவகோத்திரமுன்னே சொல்லிருங்க. எங்கூட்டுப் புள்ளதானுங்க."

"நட்சத்திரம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அப்புறம் டாரத்தியிடம் போய்ப் பிறந்த நாளும் நேரமும் கேட்டாள். பிறந்த நாளுக்குப் பரிசு அனுப்பத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, டாரத்தி உகாண்டாவுக்குப் போன் போட்டு விசாரித்தார். மழைக்காலத்தில், காப்பிக் கொட்டை பறிக்கிற சமயத்தில் பிறந்தவள், அவ்வளவுதான் தெரியும் என்று பதில் வந்தது. அதை அப்படியே வந்து குருக்களிடம் சொன்னாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். "மழையா? கார்த்திகைன்னு வச்சுப்போம். முருகனுக்கும் அதானே" என்று ஆரம்பித்துவிட்டார். நாலாவது வாரத்தில் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே "நன்சுபுகா வந்தாச்சு" என்பார்.

மகள் பிரீத்திக்குத்தான் பயம். "அம்மா, தே ஆர் கிறிஸ்டியன்ஸ். யூ கான்ட் டூ தட்!"

"பரீட்சை எழுதற புள்ளைக்கு அந்தப் பக்கம் அவங்க சொல்லட்டும் கண்ணு. இந்தப் பக்கம் நான் சொல்லி வெக்கறேன்."

இப்போது சர்ச் ஹாலில் அந்த 'எஸ்' நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் பிள்ளை அவளுக்குத்தான். ஆனால் சிக்னல் சிக்னலாக ஓட்டிப்போன அத்தனை செவ்வாய்க்கிழமைகளும் இல்லை என்று ஆகிவிடும். அதுதான் அவளால் முடியவில்லை. ரொட்டியை விழுங்கினாள்.

"ஐ ப்ரே," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஹோம்ல எவ்ரிடே. டெம்பிள்ல எவ்ரி டியூஸ்டே. மை காட் முருகா. நாட் யுவர் காட். சாரி. பட் ஐ ப்ரே வெரி வெல்."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிரீத்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். திருமூர்த்தி கூரையைப் பார்த்தார். வெயன் தொண்டையைச் செருமினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கையில் இருந்த தாளை மேலிருந்து கீழே இன்னொரு தரம் படித்தார்.

டாரத்தி எழுந்தார். "செவ்வாய்க்கிழமையா?" என்றார். "தவறாமலா?"

"எஸ். ஈவன் ரெயின்."

டாரத்தி ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவரோரம் நடந்தார். அங்கே ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் யார் ஜெபம் பண்ணுவது என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். செவ்வாய் மட்டும் காலி.

"டாரத்தி, அது வந்து..." என்றார் வெயன்.

"வெயன், செவ்வாய்க்கிழமை நீ எடுத்துக்கிறியா? போன மாசம் கேட்டேனே, பௌலிங் இருக்குன்னு சொன்னே."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். வெயனும் பாதி சிரித்தார். ஆனால் அந்தத் தாளை அவர் மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மேனின்னு எழுதட்டுமா?" என்றார் டாரத்தி. வசந்தாமணியில் 'மணி'யை மட்டும் எடுத்து, டேகேரிலும் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை நாளும் அதற்கு அவள் தலையாட்டித்தான் வந்திருக்கிறாள்.

"நோ," என்றாள். "ஃபுல் நேம்."

டாரத்தி மார்க்கரோடு காத்திருந்தார். வசந்தாமணி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பிரீத்தி எழுந்து நின்று, முகமெல்லாம் சிவந்துபோய், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். டாரத்தி பள்ளிக்கூடத்துப் போர்டில் எழுதுகிற மாதிரி பெரிசு பெரிசாக எழுதிக்கொண்டே போனார். பேர் பாதியிலேயே செவ்வாய்க்கிழமைக் கட்டம் முடிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மிச்ச எழுத்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் புதன்கிழமைக்குள் போய், அங்கே ஏற்கெனவே எழுதியிருந்த 'வெயன்' என்ற பேரை இடித்துக்கொண்டு நின்றது.