எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

"நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. எஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும்," என்று வண்டியை வாங்க வரவிருந்த டுவேன் போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். ஆறிக் கிடக்கும் எஞ்சின் ஒரே திருகலில் பற்றிக்கொண்டால்தான் வண்டியை நம்புவார்கள்.

விற்கிற கிழவர் லைலுக்கு அதைக் கேட்டதிலிருந்தே பயம். அறுபத்தாறாம் வருடத்து ரிவியேரா கார். இரண்டே கதவு, கறுப்புத் தோல் இருக்கை, மழைத்துளி படாமல் வளர்த்த வண்டி. அது விலைபோனால் மனைவி அர்டிஸுக்கு வீட்டிலேயே நர்ஸ் வைக்கலாம். போகாவிட்டால் திங்கட்கிழமை மகள் வந்து அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். நுரையீரல் கெட்டு, கராஜுக்கு மேலறையில் படுத்திருந்த அர்டிஸ் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க மட்டும் என்னைக் கொண்டுபோய் விட்டுடாதீங்க, லைல்."

மிச்சிகனின் ஜனவரிக் குளிரில் மனுஷனுக்கே எழுந்திருக்க மனசு வராது, வண்டிக்கு எப்படி வரும்? வாங்க வந்தவன் எதிரே இருமிவிட்டு நின்றுபோனால்? பாழாய்ப்போன பயம். சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே பற்றிக்கொண்டது. அப்போதே அணைத்துத் தொலைத்திருக்கலாம். கொஞ்சம் சூடேறட்டும் என்று ஓடவிட்டார். டுவேன் முன்னதாக வந்துவிட்டால் புகை காட்டிக்கொடுக்குமே என்று கராஜின் பெரிய கதவையும் திறக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு வாசலில் பனி வாரப் போனார். மூச்சு வாங்க வாங்க முழுப் பாதையையும் வாரி முடித்தார். பிறகு வந்து எஞ்சினை அணைத்தார், கதவைத் தூக்கிவிட்டார், பழைய போர்வையால் புகையை விசிறி விரட்டினார்.

டுவேன் வந்தவுடன் உள்ளங்கையை பானெட்மேல் வைத்தார்.

"சுடுதே, பெரியவரே."

"பனி வாரணும்னு வெளிய எடுத்தேன்."

"சக்கரத்துல ஒரு பொட்டு ஈரம் இல்லையே. பறந்து போச்சா?"

லைலுக்கு வெட்கத்தில் முகம் தொங்கிப்போயிற்று. "இது விக்கலைன்னா என் பொண்டாட்டிய இல்லத்துல தள்ளிடுவாங்க. அந்தப் பயத்துல பண்ணிட்டேன்."

டுவேன் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். கதவு ஓரத்தை விரலால் தடவினார். "பயப்பட வேண்டிய வண்டியா இது? பெத்த பிள்ளையக்கூட எவனும் இப்படிப் பார்த்துக்கமாட்டான். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

லைல் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

டுவேன் மூக்கைச் சுளித்தார். "எஞ்சினை எங்க வெச்சு ஓடவிட்டீங்க?"

"இங்கதான்."

"கதவைத் திறந்து வெச்சுத்தானே?"

லைல் இல்லையென்று தலையாட்டினார். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டால் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும் என்பது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். டுவேன் மேலே பலகைக் கூரையைப் பார்த்தார்.

"மேல யாரு இருக்கா?"

லைல் கைப்பிடியைப் பற்றி இழுத்து இழுத்துப் படியேறினார். டுவேன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபடி, வழியில் இருந்த ஜன்னலையெல்லாம் திறந்துகொண்டே பின்னால் வந்தார்.

மாதக்கணக்கில் வெளுத்துக் கிடந்த அர்டிஸின் கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. பார்த்ததும் லைலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கலர் வந்துடுச்சு பாரு, அர்டி. வண்டி வித்துப்போச்சு. நீ எங்கயும் போக வேண்டாம்."

டுவேன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கையை மெல்லப் போர்வைமேல் வைத்தார்.

"அந்தச் சிவப்பு புகையால வந்தது, பெரியவரே. போயிட்டாங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்தபோது லைல் கட்டிலுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். அவளை இந்த வீட்டைவிட்டு எங்கேயும் கொண்டுபோகக் கூடாது என்றார்.