வாய் பார்த்தவர்

கைலாசத்துக்குக் காது எப்போது போனது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கைலாசத்துக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று தறிகள். மூன்றும் சேர்ந்து அடிக்கும்போது, கடவுளே நேரில் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டாலும் "இன்னாது?" என்றுதான் பதில் போகும். அதனால் அங்கே யாரும் தொண்டையைச் செலவு செய்வதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தானாக வரும். கைலாசம் அதில் கெட்டிக்காரர். சத்தமே வராமல் ஒரு கதை சொல்லி, மூன்றாவது தறிக்காரனைச் சிரிக்கவைத்து இழையை அறுக்கவைத்த பெருமை அவருக்கு உண்டு.

அவர் மனைவி பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயர். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்கு, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். கல்யாணமான புதிதிலேயே குழலி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். அதற்குப் பிறகு குடும்பத்தில் பேசவேண்டியது எல்லாம் அந்தத் தறிமேல்தான் பேசி முடிந்தது. சண்டையும் அப்படித்தான். உதட்டாலேயே அவர் பரம்பரையை ஏழு தலைமுறைக்கு இழுத்து அவள் திட்டுவாள். அவரும் உதட்டாலேயே எட்டாவது தலைமுறையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். சத்தம் வாசலைத் தாண்டினால்தானே! தெருவில் புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இவர்களைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

அந்தப் பேச்சில் ஒரு சின்னத் தொந்தரவு. தறியில் ஏற்றும் நூலான பாவும் இட்லி மாவும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நாள் குழலி, "மாவு தீந்துபோச்சு" என்றாள். கைலாசம் தறியைத் தடவிப் பார்த்து, "இன்னும் ரெண்டு பொடவைக்கு வரும், போ" என்று பெருமையாகச் சொன்னார். அன்று இட்லி இல்லை.

இப்படி வாழ்ந்தவருக்குக் காது மெல்ல மெல்ல அடைத்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்கள், கோயில் ஒலிபெருக்கியைக் குறைத்துவிட்டார்கள், ஊர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டார். கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்தபோது, பயத்தில் ஜனங்கள் வாயே திறப்பதில்லை என்று குழலியிடம் பரிதாபப்பட்டார். செல்போனை அவர் தொடுவதில்லை. "அத எடுத்தாலே கெட்ட சேதிதான்" என்று அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஆடி வெள்ளிக்கு மகள் துர்காதேவி வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே குடித்தனம். போனில் அம்மாவின் குரல் கரகரத்தபோதெல்லாம் குழலி "சளி புடிச்சிக்கினு இருக்குதும்மா" என்று சமாளித்திருந்தாள். நேரில் கேட்டதும் துர்கா பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"இன்னாமா இது, காத்து மட்டும்தான் வருது? டாக்டர்கிட்ட போனியா இல்லியா?"

"ஜில்லு தண்ணி குடிச்சிட்டேன்."

"எப்ப குடிச்ச, போன வருசமா?"

காது மூக்கு தொண்டை டாக்டர் ஓர் இளம் பெண். முகக்கவசம் போட்டிருந்தார். குழலியின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, கூடவே இருக்கிறவர் என்பதால் கைலாசத்திடம் திரும்பினார்.

"இவங்க குரல் எப்போலேருந்து இப்படி இருக்கு?"

கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள் தன்னைப் பார்ப்பதைக் கைலாசம் பார்த்தார். டாக்டர்கள் முதலில் கேட்பது குடும்பத்தைப் பற்றித்தான் என்று முடிவு செய்து, "ஒரே பொண்ணுதாங்க, இதோ நிக்குது" என்றார்.

"சாப்பிடும்போது முழுங்கக் கஷ்டப்படறாங்களா?"

"பொண்ணு கல்யாணம் லவ்வு இல்லீங்கம்மா. நாங்களே பாத்து வெச்சதுதான்."

துர்கா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று "நைனா" என்றாள். இன்னும் பலமாக "நைனா!" என்றாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கைலாசம் டாக்டரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

டாக்டர் கவசத்தைக் கீழே இறக்கி, முதல் கேள்வியையே மெதுவாகத் திரும்பக் கேட்டார்.

கைலாசம் வாயைப் பார்த்தார். புரிந்தது. "இப்படின்னா," என்றார், "எப்படிங்க?"

குழலி சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் வழக்கமாக வரும் சாமுவேலின் ஆட்டோவில் அவள் உதடு அசைந்தது. "எனக்குக் கொரல் போனதுல இருந்து நீங்க ஒரு வார்த்த கேக்கல. வீட்டுக்காரரே கண்டுக்கல, அப்ப பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிக்கினேன்."

கைலாசம் கேட்டுக்கொண்டிருந்த குரல் ஒரு நாளும் கரகரக்கவில்லையே! அவள் உதட்டைப் பார்த்து அவராகவே மண்டைக்குள் போட்டுக்கொண்ட குரல் அது. அதற்குச் சளியும் பிடிக்காது, வயசும் ஆகாது.

அடுத்தது காரப்பேட்டைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி "போய்க்கினு இருக்கோம்" என்றால் காஞ்சிபுரத்தில் எந்த வியாதி என்று யாரும் கேட்கமாட்டார்கள். குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். கழுத்தில் கட்டி இறங்கியிருக்கிறது, இதயமும் பலவீனம், மயக்கத்திலிருந்து எழுந்திருப்பது நிச்சயமில்லை என்றும் சொன்னார்கள். இதைத் துர்காதான் அவர் முன்னால் உட்கார்ந்து திருப்பிச் சொன்னாள். நடுங்குகிற உதட்டைப் படிப்பது கஷ்டம். அவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து கைலாசத்துக்கு ஒரே ஒரு ஆசை. ஆப்பரேஷனுக்கு முன்னால் அவள் குரலை ஒரு தடவை காதால் கேட்டுவிடவேண்டும்.

துர்கா போனில் தேடி ஒரு காது மிஷின் வரவழைத்தாள். ஆடித் தள்ளுபடி, ஒரு காதுக்கு வாங்கினால் இன்னொரு காதுக்கு இலவசம். "மூணு காது இருக்கறவன் இன்னா பண்ணுவான்?" என்றார் கைலாசம். பெட்டியில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பேரனோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவருக்குக் கேட்டிருக்கும் போலும்.

மிஷினை மாட்டியதும் கைலாசம் பயந்துபோனார். மின்விசிறி லாரிபோல ஓடியது. பக்கத்து வீட்டு மிக்ஸி தலைக்குள் சட்னி அரைத்தது. தான் முறுக்குக் கடிக்கும் சத்தம் கேட்டு அவரே கடிப்பதை நிறுத்தினார். ஊர் திருந்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

குழலி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பேசு."

"இன்னா பேசறது?"

உதடு தெரிந்தது. காதில், பட்டு நூலை உதறினால் வருமே, அந்தமாதிரி ஒரு சரசரப்பு. மிஷினின் சக்கரத்தைத் திருகினார். கீச்சென்று கத்தியது. இன்னும் பேசு என்றார். அவள் கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்தினாள், அதுவும் சரசரப்புதான். கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. அப்புறம் அவர் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிப்பிலும் காற்றுதான் வந்தது.

"கடைய மூடற நேரத்துல வந்திருக்கீங்க, சரக்கு தீந்துபோச்சு" என்றது உதடு.

இனிப் பழைய குரலைத் தேடவேண்டும். துர்காவின் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். தாலி கட்டுகிற இடத்தில் குழலி அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள். வீடியோக்காரர் அதன்மேல் சினிமாப் பாட்டைக் கொட்டி வைத்திருந்தார். கைலாசம் வாயைப் பார்த்து, "'சாம்பாருக்கு உப்பு பத்தல, போய்ச் சொல்லுங்க'ன்றா" என்றார். துர்கா தன் போனைக் குடைந்தாள். படங்கள் இருந்தன, குரல் இல்லை. அம்மாவோடு பேசியது எல்லாம் பேசியதோடு சரி.

கடைசியில் சாமுவேலுக்குத்தான் ஞாபகம் வந்தது. முசரவாக்கத்துக்காரன், தெருமுனை ஸ்டாண்டில் வெகுநாளாக ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய பழைய போன், யார் கூப்பிட்டாலும் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும். அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் குப்பையில் குழலி அண்ணியின் குரலைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் ஓடி வந்தபோது, ஆப்பரேஷன் நாளே வந்துவிட்டிருந்தது.

ஆப்பரேஷன் அறைக்கு வெளியே குழலி பச்சை அங்கி போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துர்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கைலாசம் பக்கத்து பெஞ்சில். சாமுவேல் அவர் முன்னால் மண்டிபோட்டு, போனை அவர் காது மிஷினோடு ஒட்டிப் பிடித்தான்.

ஒரு பெண் பேசினாள். மெலிசான, கொஞ்சம் அவசரமான, சின்னப் பெண்போன்ற குரல். உதடு இல்லாததால் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.

"யாருபா இந்தப் பொண்ணு?" என்றார் கைலாசம்.

சாமுவேல் பதறிப்போய்க் குழலியைப் பார்த்தான். பிறகு அவர் முகத்துக்கு நேராக வந்து, "அண்ணிதாண்ணா!" என்றான். "உனுக்கு முட்டி வலிக்குதாம். நடக்கவும் முடியாது, சொல்லவும் மாட்டியாம். நான் சும்மா அந்தப் பக்கம் வந்த மாரி வந்து உன்ன ஏத்திக்கினு போணுமாம். அதத்தான் சொல்லுது."

எத்தனையோ தடவை அவன் அப்படி "சும்மா" வந்திருக்கிறான். இவனுக்கு வேறு வேலையே இல்லையா என்று கைலாசம் கிண்டல் செய்துகொண்டே ஏறியிருக்கிறார்.

"இன்னொரு தபா போடு."

இந்தக் குரலில் எங்கேயாவது அவள் இருக்கவேண்டும். கண் திறந்திருந்தால் கவனம் சிதறுகிறது என்று கைலாசம் கண்களை இறுக மூடிக்கொண்டார். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினார். அந்தச் சின்னப் பெண் திரும்பத் திரும்ப அவர் முட்டியைப் பற்றி யாரிடமோ கெஞ்சினாள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, ஒரு இடத்தில், ஒரு இழுப்பில், ஆமாம், இது அவள்தான் என்று தோன்றியது. கைலாசம் முகமெல்லாம் மலர்ந்து கண்ணைத் திறந்தார்.

சக்கர நாற்காலி இல்லை.

"கூப்ட்டாங்கணா, தள்ளிக்கினு போய்ட்டாங்க" என்றான் சாமுவேல். "உள்ள போசொல்ல அண்ணி உன்னப் பாத்து ஏதோ சொன்னாங்க. சத்தம் வர்ல, வாய் மட்டும் அசைஞ்சுது. நீ கண்ண மூடிக்கினு இருந்த. நான் உன்னத் தட்டுறதுக்குள்ள வேணாம்னு கைய ஆட்டிட்டாங்க."

"இன்னா சொன்னா?"

"எனக்கு அந்தப் பேச்சு தெரியாதேண்ணா."

குழலி மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து துர்கா ஒரகடத்துக்குப் போன பிறகு, கைலாசம் தினமும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வர ஆரம்பித்தார். வந்து சாமுவேலுக்கு எதிரில் நிற்பார். "காட்டுபா" என்பார். சாமுவேல் வாயிலிருக்கும் பாக்கைத் துப்பிவிட்டு, அன்று குழலி செய்தமாதிரி உதட்டைக் குவிப்பான், விரிப்பான், நாக்கை மடிப்பான். கைலாசம் உற்றுப் பார்ப்பார். ஒரு நாள் "போய்ட்டு வரேன்" என்று இருக்கும். ஒரு நாள் "வூட்டப் பூட்டுனியா" என்று இருக்கும். இன்னொரு நாள் என்ன என்றே தெரியாது. இரண்டு பெரிய மனிதர்கள் எதிர் எதிரே நின்று வாயைக் கோணிக்கொள்வதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் கைலாசம் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுபா. கடைசியா அவ வாய் தொறந்து முடிஞ்சுதா, மூடி முடிஞ்சுதா?"

சாமுவேல் ஆட்டோவின் கைப்பிடியைத் துடைத்தான்.

"உங்கிட்ட பொய் சொல்ல மனசு வர்லணா," என்றான். "நான் வாயவே பாக்கல. அவங்க கண்ணத்தான் பாத்துக்கினு இருந்தேன். இத்தினி நாளா நானா ஏதோ செஞ்சு காட்டினு இருக்கறேன்."

கைலாசம் அவன் உதடு ஓய்கிற வரைக்கும் பார்த்தார். தலையை ஆட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றார்.

"பரவால்லபா. இன்னொரு தபா காட்டு."