பப்பிங் போட்ட டோக்கன்

என் கை ஒரு சனியன். எதையும் மங்கலாக விடாது. ஓசூர் சிப்காட்டில் சின்னப் பட்டறை ஒன்றில் இருபது வருடமாகப் பப்பிங் வேலை. பித்தளைக் கைப்பிடிகளைச் சுழலும் சக்கரத்தில் பிடித்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைப்பேன். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனியும் அங்கே நின்றால் ரெண்டு வருடம் தாங்காது என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் சோறு? பழைய லோடு வண்டி ஒன்று வாங்க மூன்று லட்சம் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பழைய இரும்புக் கடை அதாவுல்லா பாயிடம் ஐந்நூறு ரூபாய்க்கு அந்த டோக்கனை வாங்கினேன். கப்பலில் வந்த கழிவுப் பித்தளையில் கிடந்தது. அமெரிக்காவில் எப்போதோ மூடிய சூதாட்ட விடுதியில் காசுக்குப் பதிலாகப் புழங்கியது. தரச் சான்றிதழோடு பெட்டியில் சீல் வைத்த அதே மாதிரி டோக்கன் ஏலத்தில் மூன்றரை லட்சத்துக்குப் போனதைப் போனில் பார்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் டோக்கன் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. இப்படியே கொண்டுபோனால் எவன் மதிப்பான்? ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் ஆசை ஆசையாகப் பப்பிங் போட்டேன்.

பாகலூர் ரோட்டில், மாடியில் இருந்தது பழைய நாணயங்களுக்குத் தரம் பார்த்துச் சான்றிதழ் தரும் ஆபீஸ். என் மனைவி இருளாயியும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அங்கிருந்த ஜீனத் என்ற பெண் கையுறை மாட்டி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இதைப் பாலிஷ் போட்டது?"

"இவருதாம்மா!" இருளாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இவரு கைக்கு இந்தச் சிப்காட்டுலயே ஆளு கெடையாது."

ஜீனத் லென்ஸைக் கீழே வைத்தார். "ஒரிஜினல்தான்ணா. ஆனா அந்தக் கறுத்த பழைய மேல்தோலுக்குத்தான் விலையே. அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. இதுக்கு நாங்க தரம் போட மாட்டோம். இப்ப இது வெறும் பித்தளை."

எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. என் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போலிருந்தது. இருளாயி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நல்ல புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணி ஷிப்டு?"

"ஆறு" என்றேன்.